ஃபீஸ் இல்லாத நாட்டுக்குப் போக எவ்வளவு ஆகும்?

கோவை காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருக்களில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தால், ஜவுளிக்கடைக்கும் ஸ்கேன் சென்டருக்கும் நடுவில் மாடிக்கு மாடி கன்சல்டன்சி போர்டு தெரியும். கனடா, யு.கே., ஆஸ்திரேலியா என்று எழுதியிருந்த இடங்களில் இப்போது ஜெர்மனிக் கொடியும் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் அதன் கீழே 'இலவசக் கல்வி' என்ற இரண்டு வார்த்தைகள். அப்படி ஒரு படியில் ஏறி இறங்கிவிட்டு என் அக்கா மகன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். மெக்கானிக்கல் கடைசி வருஷம் அப்போது.

"ஃபீஸே இல்லீங்களாமா மாமா. ஒரு பன்னெண்டு லட்சம் மட்டும் ரெடி பண்ணிக்கச் சொல்றாங்க."

ஃபீஸே இல்லாத படிப்புக்குப் பன்னிரண்டு லட்சம் எதற்கு என்று அக்கா கேட்டாள். அவனிடம் பதில் இல்லை. அன்றைக்கு என்னிடமும் முழுசாக இல்லை. அடுத்த சில மாதங்கள் அவனோடு உட்கார்ந்து பல்கலைக்கழகங்களின் இணையதளங்களையும் தூதரகத்தின் பட்டியல்களையும் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அக்காவின் கேள்வி சரியான கேள்வி. ஜெர்மனி கல்விக் கட்டணத்தை எடுத்துவிட்டிருக்கிறது, ஆனால் விலை போகவில்லை. அது மதிப்பெண்ணாக, பாடத்திட்டமாக, ஒரு வருடக் காத்திருப்பாக, ஒரு புது மொழியாக உருமாறி வேறு வேறு கவுண்டர்களில் உட்கார்ந்திருக்கிறது.

முதலில், ஏன் ஃபீஸ் இல்லை? நம் ஊரில் இலவசம் என்றால் அரசு தேர்தலுக்கு முன் கொடுப்பது என்றுதான் நினைப்பு ஓடும். அங்கே கதை வேறு. ஜெர்மனியில் பல்கலைக்கழகங்கள் மாநிலங்களின் பொறுப்பு, மாநில வரிப் பணத்தில் ஓடுபவை. 1970 வாக்கில் ஹாம்பர்க் மாணவர்கள் அன்றைக்கு இருந்த சிறு கட்டணத்தையும் கட்ட மறுத்துப் போராட, அந்த வழக்கமே கைவிடப்பட்டது. அப்புறம் 2005-ல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், மாநிலங்கள் விரும்பினால் கட்டணம் வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதைப் பிடித்துக்கொண்டு சில மாநிலங்கள் ஒரு செமஸ்டருக்கு 500 யூரோ வரை வசூலிக்கத் தொடங்கின. நம் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கே தெருவில் இறங்கிவிட்டார்கள். ஹெஸ்ஸன் மாநிலம் 2008-லேயே ரத்து செய்தது. பவேரியாவில் மக்கள் கையெழுத்து இயக்கம் நடத்தி 2013-ல் ரத்து செய்ய வைத்தார்கள். கடைசியாக நீடர்சாக்சன் 2014-ல் கைவிட்டது. பத்தே வருடத்தில் வந்த சுவடு தெரியாமல் போன கட்டணம் அது. வெளிநாட்டு மாணவனுக்கும் சேர்த்து இலவசம் என்பது அந்தப் போராட்டங்களின் உபரிப் பலன்.

இப்போது அதில் இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. ஜெர்மனிக்கு வயதாகிறது, ஓய்வு பெறுகிறவர்களின் இடத்துக்கு ஆள் வேண்டும். 2024 அக்டோபரில் அன்றைய சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் டெல்லி வந்தபோது, இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். அந்த நாட்டிலேயே படித்து, அந்த மொழியையும் கொஞ்சம் கற்று, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து வரி கட்டுகிற 25 வயதுப் பிள்ளை அவர்களுக்கு லாபம்தான். பள்ளிக்கூடச் செலவு முழுவதையும் நாம் பார்த்துக்கொண்டோம் அல்லவா!

2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் 49,000-க்கும் மேல். வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களைத் தாண்டி முதலிடம். இதில் சென்னைக்கு ஒரு பழைய பாத்தியதையும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. பேராசிரியர்களும் ஆய்வகக் கருவிகளும் அங்கிருந்து கிண்டிக்கு வந்தன. இப்போது போக்குவரத்து எதிர்த்திசையில்.

'ஜெர்மனி முழுக்க இலவசம்' என்பதும் சரியில்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஷ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பர்க், ஃப்ரைபர்க் எல்லாம் அந்த மாநிலம்தான். மெர்சிடிஸ், போர்ஷே, பாஷ் கம்பெனிகளின் ஊர் என்பதால் மெக்கானிக்கல் படித்த நம் பிள்ளைகளின் கண் முதலில் அங்கேதான் போகும். இன்னொன்று, பவேரிய மாநிலத்தின் புதிய உயர்கல்விச் சட்டம் அனுமதி கொடுத்ததும், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து வெளிநாட்டு முதுநிலை மாணவர்களுக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று வைத்துவிட்டது. நாலு செமஸ்டருக்கு 24,000 யூரோ வரை. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் 24 லட்சம். கட்டணச் சலுகைகள் உண்டு, ஆனால் கிடைக்கும் என்று நம்பி விமானம் ஏற முடியாது. மற்ற பெரும்பாலான இடங்களில் செமஸ்டர் பங்களிப்பு என்று 100 முதல் 400 யூரோ வரை கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும்.

சரி, அந்தப் பன்னிரண்டு லட்சம்?

அதற்குப் பெயர் பிளாக்டு அக்கவுண்ட். விசா கேட்கும் மாணவன், ஒரு வருடம் அங்கே சாப்பிட்டு வாழ என்னிடம் காசு இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கான தொகையை ஒரு முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அங்கே போய் இறங்கிய பிறகு மாதம் 992 யூரோ வீதம் அவனுக்கே விடுவிப்பார்கள். நம் பணத்தையே நமக்கு மாதச் சம்பளம் மாதிரிக் கொடுக்கிற ஏற்பாடு. யாரும் அதை எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே கன்சல்டன்சி சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் 2019 நடுவில் இந்தத் தொகை 8,640 யூரோவாக இருந்தது. ஐந்தே வருடத்தில் 11,904. யூரோவும் ஏறியது, ரூபாயும் இறங்கியது. அண்ணன் போனபோது ஏழு லட்சம்தான் ஆச்சு என்று பக்கத்து வீட்டில் சொல்வதை வைத்துத் திட்டம் போட்டால் இடிக்கும்.

கூடவே இன்னொன்று. அந்தப் பணம் முதல் வருடத்துக்கு மட்டும். படிப்பு இரண்டு வருடம் என்று இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு இரண்டரை, மூன்று ஆகிவிடும். ஆய்வேட்டுக்கு ஆறு மாதம், நடுவில் ஒரு இன்டர்ன்ஷிப், தள்ளிப்போட்ட ஒரு பரீட்சை என்று நீளும். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கும் செலவுக்குக் காசு இருப்பதைக் காட்ட வேண்டும். இந்த இரண்டாம் வருடத்தைப் பற்றிக் காந்திபுரத்தில் யாரும் வாயே திறக்கவில்லை.

பகுதிநேர வேலை பார்த்துக்கொள்ளலாமே என்றால், பார்க்கலாம். 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. பேப்பரில் பெருக்கிப் பார்த்தால் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தாராளமாக வரும். என் அக்கா மகனும் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஆனால் முதல் செமஸ்டரில் அந்தக் கணக்கு யாருக்கும் வாய்ப்பதில்லை. ஊர் புதிது, பாஷை தெரியாது, கிடைப்பது கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலையும் உணவு டெலிவரியும்தான். படித்த துறையிலேயே மாணவ ஊழியராகச் சேர்வது இரண்டாவது செமஸ்டருக்கு மேல்தான் பெரும்பாலும் அமைகிறது.

கடன் வாங்குகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பொதுத்துறை வங்கிகளில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்க வழி உண்டு. அதற்கு மேலே போனால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். ஜெர்மனி விஷயத்தில் கேட்பது காலேஜ் ஃபீஸ் இல்லை, வாழ்க்கைச் செலவு. சில கிளை மேலாளர்களுக்கு இது புரியாது. 'ஃபீஸ் ஸ்ட்ரக்சர் கொண்டா' என்பார்கள். பூஜ்யம் என்று போட்ட தாளைக் காட்டினால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பிளாக்டு அக்கவுண்ட்டுக்கான தூதரக அறிவிப்பை அச்சடித்து எடுத்துக்கொண்டு போவது நல்லது.

பணத்தை விடுங்கள். உண்மையான வாசல்காவலாளி வேறு இடத்தில் நிற்கிறார். அவர் பெயர் பவேரிய சூத்திரம்.

ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ். 1.0 என்றால் முதல் தரம், 4.0 என்றால் ஒட்டிக்கோ கட்டிக்கோ என்று பாஸ். நம் சி.ஜி.பி.ஏ.-வை அதற்கு மாற்ற ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதிகபட்சப் புள்ளியிலிருந்து நீங்கள் எடுத்ததைக் கழிக்க வேண்டும். அதை, அதிகபட்சத்துக்கும் பாஸ் புள்ளிக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். அக்கா மகனுடைய சி.ஜி.பி.ஏ. 7.2. பாஸ் புள்ளி 5. சாப்பாட்டு மேஜையில் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் போட்டோம். 10-லிருந்து 7.2 போக 2.8. 5-ஆல் வகுத்தால் 0.56. மூன்றால் பெருக்க 1.68. ஒன்று கூட்ட 2.68.

பல முதுநிலைப் படிப்புகள் 2.5-ல் கதவைச் சாத்திவிடுகின்றன. நம் கணக்கில் அது 7.5. வெறும் 0.3 புள்ளி. மூன்றாவது செமஸ்டரில் விளையாட்டாக விட்ட இரண்டு பேப்பர் அவன் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும், பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

இந்தச் சூத்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பாஸ் புள்ளி 4 என்று வைத்திருக்கிற பல்கலைக்கழகத்தில் அதே 7.2 எடுத்திருந்தால் அவன் கணக்கு 2.4 ஆகியிருக்கும், கதவு திறந்திருக்கும். 6 என்று இருந்தால் 3.1, கிட்டவே போக முடியாது. எந்த அளவுக்குச் சுலபமாகப் பாஸ் போடுகிறார்களோ அந்த அளவுக்குப் பிள்ளைக்கு நல்லது! அதனால் தன் பல்கலைக்கழகத்தில் பாஸ் புள்ளி எவ்வளவு என்பது மதிப்பெண் பட்டியலின் பின்புறத்தில் அச்சாகி இருக்கிறதா என்று பார்த்துவைக்க வேண்டும். இல்லையென்றால் காலேஜ் ஆபீசில் கேட்டுத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு அடுத்தது பாடத்திட்டம். நம் பிள்ளைகளில் அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் மெக்கானிக்கல் முடித்தவன் டேட்டா சயின்ஸ் எம்.எஸ்.சில் சேர வழியிருக்கிறது, கொஞ்சம் கூடுதல் பாடங்கள் படிக்கச் சொல்வார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகம் இளநிலைப் படிப்பின் தொடர்ச்சியாகவே முதுநிலையைப் பார்க்கிறது. கணிதத்தில் இத்தனை கிரெடிட், அல்காரிதத்தில் இத்தனை, புள்ளியியலில் இத்தனை என்று பட்டியல் போட்டிருக்கும். நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு இரண்டு வருடம் ஐ.டி. கம்பெனியில் கோடிங் செய்தேன் என்பது அங்கே பல இடங்களில் கணக்கிலேயே வராது. நம் ஊரில் துறை மாறுவதுதான் வழக்கம், அங்கே அது விதிவிலக்கு.

அக்கா மகனும் டேட்டா சயின்ஸ் என்றுதான் ஆரம்பித்தான். ஆறு படிப்புகளின் கிரெடிட் பட்டியலைப் பார்த்த பிறகு உற்பத்திப் பொறியியலுக்கும் மெக்கட்ரானிக்ஸுக்கும் திரும்பி வந்தான். அப்போதுதான் இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. ஜெர்மனியில் இரண்டு வகை அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று ஆராய்ச்சியை மையமாக வைத்த பல்கலைக்கழகம். இன்னொன்று ஹோக்‌ஷூலே எனப்படும் செயல்முறைப் பல்கலைக்கழகம். பேராசிரியர்களே கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள், பக்கத்துத் தொழிற்சாலைகளோடு நேரடித் தொடர்பு இருக்கும். உலகத் தரவரிசைப் பட்டியல்களில் இவற்றின் பெயர் கண்ணில் படாது. நாம் தரவரிசையைப் பார்த்தே பழகியவர்கள், ஆகவே இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். வேலைக்குப் போவதுதான் நோக்கம் என்றால் தாண்டிப் போகக் கூடாது.

ஊரும் அப்படித்தான். மியூனிக், பெர்லின் என்று அடம் பிடிக்காமல் கெம்னிட்ஸ், மாக்டபர்க் போன்ற கிழக்குப் பகுதி ஊர்களுக்குப் போகிற இந்திய மாணவர்கள் ஏராளம். வாடகை குறைவு, மாணவர் விடுதியில் இடம் கிடைக்கிற வாய்ப்பும் அதிகம். குடியேற்றத்தை எதிர்க்கிற அரசியல் அந்தப் பக்கம் வலுவாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இப்போது கன்சல்டன்சிக்குத் திரும்புவோம். அக்கா மகன் போன இடத்தில் அவனுடைய 7.2-ஐப் பார்த்ததும், 'கவர்மென்ட் யுனிவர்சிட்டி கஷ்டம் தம்பி, பெர்லின்ல நல்ல பிரைவேட் யுனிவர்சிட்டி இருக்கு, ஐ.இ.எல்.டி.எஸ். இங்கிலீஷ் டெஸ்ட்கூட வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். சேவைக் கட்டணமும் வேண்டாமாம், எல்லாம் இலவசமாம். இந்த இரண்டாவது இலவசம்தான் கவனிக்க வேண்டியது. அரசுப் பல்கலைக்கழகங்கள் மாணவனைப் பிடித்துத் தருகிறவர்களுக்குக் கமிஷன் தருவதில்லை. தனியார் நிறுவனங்கள் பலவும் தருகின்றன. அங்கே வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவும் அதற்கு மேலும் கட்டணம். போர்டில் எழுதியிருந்தது அரசுப் பல்கலைக்கழகத்தின் இலவசம், மாடியில் விற்பது வேறு சரக்கு.

எல்லாத் தனியார் நிறுவனமும் மோசம் என்று சொல்ல வரவில்லை, அரசு அங்கீகாரம் பெற்ற நல்லவையும் உண்டு. ஆனால் பத்து லட்சம், இருபது லட்சம் கட்டித்தான் படிக்கப் போகிறோம் என்றால், அப்புறம் ஜெர்மனிதான் வேண்டுமா என்பதே வேறு கேள்வி. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க இடைத்தரகர் யாரும் தேவையில்லை. டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு 1925-லிருந்து இயங்குகிறது. அதன் இணையதளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகளின் பெரிய பட்டியல் இருக்கிறது. கட்டணம் எவ்வளவு, கடைசித் தேதி எது, என்ன மதிப்பெண் வேண்டும் என்று தேடிப் பார்க்கலாம். பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. எட்டு இடத்துக்குப் போட்டால் 285 யூரோ. விண்ணப்பம் போட அது மட்டும்தான் செலவு.

அதற்கு முன்னால் ஏ.பி.எஸ். சான்றிதழ். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். டெல்லியில் ஜெர்மன் தூதரகத்தோடு இணைந்து இயங்கும் பிரிவு ஒன்று நம் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துக் கொடுக்கிறது. கட்டணம் 18,000 ரூபாய். போலிச் சான்றிதழ் கொண்டுபோனவர்கள் செய்த வேலைக்கு எல்லோரும் சேர்ந்து கட்டுகிற அபராதம் என்று வைத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் ஆகும், கூட்டம் அதிகமாக இருக்கிற மாதங்களில் இன்னும் இழுக்கும்.

இந்த வாரங்கள்தான் ஒரு வருடத்தை விழுங்குகின்றன. ஜெர்மனியில் முக்கியச் சேர்க்கை அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு. ஏப்ரல் சேர்க்கை இருக்கிறது, படிப்புகள் குறைவு. அக்டோபருக்கான கடைசித் தேதி பொதுவாக ஜூலை 15 என்பார்கள். வெளிநாட்டவருக்குப் பல இடங்களில் மே மாதத்திலேயே, சில இடங்களில் மார்ச்சிலேயே முடிந்துவிடும். நம் பிள்ளைக்குக் கடைசி செமஸ்டர் ரிசல்ட் வருவதே மே, ஜூனில். அப்புறம் ப்ரொவிஷனல், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், ஏ.பி.எஸ்., அனுமதிக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட், விசா அப்பாயிண்ட்மென்ட். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கல்லூரி முடித்த அதே வருடம் அக்டோபரில் போய்ச் சேர வேண்டும் என்றால் ஏழாவது செமஸ்டரிலேயே ஐ.இ.எல்.டி.எஸ். எழுதி, ஏ.பி.எஸ்.ஸுக்கும் கொடுத்திருக்க வேண்டும். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கேம்பஸ் பிளேஸ்மென்ட் முடிந்த பிறகு யோசிக்கலாம் என்றிருக்கிற மற்றவர்களுக்கு ஒரு வருடம் போகும். அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அந்த வருடத்தில் வேலைக்கும் ஜெர்மன் வகுப்புக்கும் போனால் அது வீண் இல்லை. சொந்தக்காரர்கள் 'பையன் இன்னும் வீட்ல தான் இருக்கானா' என்று கேட்பதைத் தாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேராக அங்கே இளநிலை சேரலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பெரும்பாலும் முடியாது. ப்ளஸ் டூவை மட்டும் வைத்து நேரடி அனுமதி இல்லை. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்துத் தேறியிருக்க வேண்டும், அல்லது ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது அங்கே போய் ஷ்டூடியன்கொலெக் என்ற ஒரு வருட ஆயத்தப் படிப்பு முடிக்க வேண்டும். இளநிலையில் ஆங்கிலவழியும் குறைவு.

போய்ச் சேர்ந்த பிறகு என்ன என்பதை இரண்டு வருடமாக மாக்டபர்கில் இருக்கிற ஒரு பெண்ணிடம் வீடியோ காலில் கேட்டோம். அக்கா மகனுக்குக் கல்லூரியில் சீனியர். முதல் மாதம் முழுக்கப் பேப்பர் வேலைதான் என்றாள். வீடு கிடைத்தால்தான் நகராட்சியில் முகவரியைப் பதிய முடியும், அந்தப் பதிவு இருந்தால்தான் மற்றவை நகரும். மாணவர்களுக்கான மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவுக்குக் குறையாது, 992-ல் முதல் கழிவு அது. மிச்சத்தில் வாடகை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பது தெரியாமல் முதல் வாரம் பிஸ்கட் சாப்பிட்டுத் தூங்கினாளாம்.

அவள் சொன்னதில் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது பரீட்சை விஷயம். "அங்க மாதிரி அரியர் வெச்சிக்கிட்டே போக முடியாதுடா. பெரும்பாலும் மூணு தடவைதான். மூணாவதும் போச்சுன்னா கோர்ஸே முடிஞ்சுது." அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தொடரவும் பொதுவாக விடமாட்டார்கள். 2020-ல் கொரோனாவுக்கு நடுவில் அரியர் பரீட்சைகளை ரத்து செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தபோது இங்கே பேனர் வைத்துக் கொண்டாடியது ஞாபகம் இருக்கும். அந்த மனநிலையோடு விமானம் ஏறுகிறவர்களுக்கு அங்கே முதல் குளிர்காலம் மிக நீளமாக இருக்கும். வகுப்புக்கு அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டார்கள், இன்டெர்னல் மார்க் போட்டுக் காப்பாற்ற மாட்டார்கள். பல பாடங்களுக்கு செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு பரீட்சை.

கடைசிக் கவுண்டர், மொழி. ஆங்கிலவழிப் படிப்புக்கு ஜெர்மன் தேவையில்லை என்பது அனுமதிக்கான விதி மட்டும்தான். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், பெருந்தன்மையான காலம்தான். ஆனால் பெர்லினின் ஸ்டார்ட்அப்களைத் தாண்டி, ஊருக்கு ஊர் இருக்கிற நடுத்தர உற்பத்திக் கம்பெனிகளில் மெக்கானிக்கல் பொறியாளனாகச் சேர வேண்டும் என்றால் பட்டறையில் இருப்பவரோடு ஜெர்மனில் பேச வேண்டும். மொழித் தேர்ச்சிப் படிகளில் நடுப்படியான பி1 அடிப்படை, அதற்கு அடுத்த பி2 இருந்தால்தான் தைரியமாக நேர்காணலுக்குப் போகலாம். படிப்பும் பகுதிநேர வேலையும் ஓடும்போது அங்கே உட்கார்ந்து பூஜ்யத்திலிருந்து கற்கிறவர்கள் திணறுகிறார்கள். மாக்டபர்க் பெண்ணும் திணறிக்கொண்டிருக்கிறாள், அவளே சொன்னாள். இங்கிருந்தே பி1 முடித்துக்கொண்டு போனால் 18 மாதத்தின் மதிப்பே வேறு. அங்கேயே படித்துத் தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு வருடம் இருந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்ற சலுகையும் உண்டு. அதற்கும் பி1 கேட்பார்கள்.

உதவித்தொகை பற்றிச் சுருக்கமாக. டி.ஏ.ஏ.டி. தருகிற வளரும் நாடுகளுக்கான முதுநிலை உதவித்தொகைக்குப் பொதுவாக இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், புதிதாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு அது பொருந்தாது. சேர்ந்த பிறகு டாய்ச்லாண்ட் ஸ்டிப்பெண்டியம் மாதம் 300 யூரோ கிடைக்க வாய்ப்பிருக்கிறது. பாதி அரசும் பாதி தனியாரும் போடுகிற பணம் அது. பல நாடுகளில் சுற்றிப் படிக்கிற எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கட்டணமும் இல்லை. போட்டி கடுமை என்றாலும் விண்ணப்பிக்கக் காசு இல்லை, போட்டுவிடலாம். பட்டியல் சாதி மாணவர்களுக்கும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது, வருடத்துக்கு 125 இடங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. தகுதி இருந்தும் தெரியாமலே கடன் வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

அக்கா மகன் அந்த அக்டோபரை விட்டுவிட்டான். சூலூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் சேர்ந்திருக்கிறான். சம்பளம் சுமார்தான், ஆனால் சனி, ஞாயிறு ஜெர்மன் வகுப்புக்குக் கட்ட அது போதும். ஏ2 முடிந்து பி1 ஓடுகிறது. ஏ.பி.எஸ். வந்துவிட்டது. 2.68-க்கு இடம் தரக்கூடிய ஏழு ஹோக்‌ஷூலேக்களின் பெயர்கள் ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கின்றன, ஒன்றுகூட அக்காவால் உச்சரிக்க முடிகிற பெயர் இல்லை. பன்னிரண்டு லட்சத்தில் ஏழரை வங்கியில் கேட்டிருக்கிறார்கள். மீதிக்கு அக்கா போன வாரம் பீரோவைத் திறந்து எதையோ எடைபோட்டுப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள். நான் கேட்கவில்லை.